ஏழாம் வீட்டில் இரண்டு பேர்

ஐஸ் கம்பெனியின் கூரைமேல் ஒரு கம்பு நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதற்கு. நான்கு நாளாக அந்தத் துணி கம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கியது. தூறல் விடவும் இல்லை, வலுக்கவும் இல்லை. லைன் வீடுகளில் துவைத்துப் போட்ட துணிகள் காயாமல் நாறின.

லைன் வீடுகள் மொத்தம் பத்து. கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஒரே தகரக் கூரையாகப் போட்டவை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். ஆறாம் வீட்டில் கொக்கிக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கம்பெனியில் அவர் வேலை ஐஸ் கட்டி இழுப்பது. உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகர டின்களைச் சங்கிலியில் தூக்கி, நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால், ஆள் உயரத்துக்கு ஒரு கட்டி சறுக்கிக்கொண்டு வரும். அதைக் கொக்கியால் குத்தி, ஈரத் தரையில் இழுத்து, உடைக்கும் இயந்திரம்வரை கொண்டுபோக வேண்டும். இருபது வருஷமாக இதையே செய்ததில் விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. சாயங்காலம் அவர் சட்டைப் பொத்தானை மனைவிதான் கழற்றிவிடுவாள். “பெரிய மகாராஜா, நான் வந்து பொத்தான் கழட்டணும்,” என்பாள். அவர் கழுத்தை நீட்டிக் காட்டிக்கொண்டு நிற்பார்.

ஏழாம் வீட்டில் மீட்டர் இருந்தார். இயந்திர அறையில் மூன்று மீட்டர்களுக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அமோனியா எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. முள் எங்கே நிற்கிறது என்று கேட்டால், இயந்திரத்தின் சத்தத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினால் ‘நாங்க’ என்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் வந்திறங்கியபோது கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், இரண்டு நாற்காலி. அன்று சாயங்காலம் கொக்கிக்காரர் மனைவி அவர் வாசலில் நின்று, “அண்ணே, சாப்பாடு?” என்று கேட்டாள்.

“நாங்க பாத்துக்கிறோம்மா.”

அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே இருட்டு. பயணக் களைப்பில் அந்தம்மா படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு தட்டில் சோறும் அவித்த முட்டையும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் காலையில் இரண்டு தட்டும் கழுவி, ஒன்றின்மேல் ஒன்றாக, அவள் வாசலில் இருந்தன.

மூன்றாவது மாதம் ஏழாம் வீட்டுக் கூரை ஒழுகியது. கொக்கிக்காரர் ஏறித் தகரத்தைப் பிரித்தார். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் முழுவதும் தெரிந்துவிடும். வேலையை முடித்து இறங்கி வந்து கை கழுவினார்.

“அந்தம்மா எப்படி இருக்காங்க?” என்று மனைவி கேட்டாள்.

அவர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நாற்காலி ரெண்டு இருக்கு,” என்றார்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் இரண்டு தட்டுதான் போனது.

விஷயம் லைன் முழுக்க எப்படிப் பரவியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொடியில் அவர் சட்டைகள் மட்டும் காய்ந்தன; அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பத்தாம் வீட்டுக்காரன், “மீட்டர் அண்ணன் வீட்டம்மாவுக்கு யோகம்டா, அடுப்புப் பக்கமே போக வேணாம்,” என்று சொல்லிவிட்டான். வாளி நிறைந்து வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. கடைசியில் அவனே தலையைக் குனிந்துகொண்டு, “உடம்பு முடியாதவங்களக் கிண்டல் பண்ணக் கூடாதுதான்,” என்றான். அன்றிலிருந்து அந்தம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று.

இப்படியே ஒன்பது வருஷம். சளி மருந்து வாங்கினால் அந்தம்மாவுக்கும் சேர்த்து வாங்கினார்கள். ஏழாம் வீட்டு வாசலில் குழந்தைகள் சத்தம் போட்டால் அதட்டினார்கள். மீட்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார், தலையை ஆட்டினார். ‘என் மனைவி’ என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் சொன்னது ‘நாங்க’ என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். மீதி எல்லாம் பத்து வீடும் சேர்ந்து செய்தது. சொந்த அடுப்படியில், புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்கும்போதுகூட அதை உடைத்துப் பேசாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். பழக்கம் அந்த அளவுக்கு முற்றிப்போன பிறகு, அது தெரியாத ஒருவனுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வராது.

தெரியாத ஒருவன் வந்தான். கொக்கிக்காரர் மனைவியின் தம்பி. தீயணைப்பு நிலையத்தில் வேலை. இந்த ஊருக்கு மாற்றலாகி, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கினான். முப்பத்திரண்டு வயது. எதையும் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ஆள். “சீக்கிரம் வா” என்றால் மணி பார்ப்பான். வந்த மறுநாளே ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

“என்னடா பண்ற?”

“அக்கா, சுவருக்கு அந்தப் பக்கம் அவ்வளவு கேஸ் இருக்கு. எந்த வீட்ல எத்தனை பேருன்னு கதவுல எழுதி வைக்கணும். ஏதாவது ஒண்ணுன்னா ஆளைத் தேடுறதுக்கு.”

“வாயக் கழுவுடா. ஒண்ணுன்னாவாம்.”

அவன் சிரித்துக்கொண்டே வீடு வீடாகக் கேட்டு எழுதினான். நாலு, மூணு, ஆறு. ஏழாம் வீடு பூட்டியிருந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐந்தாம் வீட்டுக்காரி.

“இதுல?”

கத்தி நின்றது. ஐந்தாம் வீட்டுக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு,” என்றாள் அக்கா.

அவன் பெரிதாக 2 என்று எழுதினான்.

சாயங்காலம் மீட்டர் வேலை முடிந்து வந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றார். ஐந்தாறு நிமிஷம் இருக்கும். கையைத் தூக்கினார். அழிக்கப்போகிறார் என்று ஆறாம் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த அவளுக்குத் தோன்றியது. அவர் ஒரு விரலால் எண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போனார்.

தூறல் பிடித்த மூன்றாம் நாள் மீட்டர் ஆறாம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்படி அவராக வந்ததே இல்லை. கொக்கிக்காரரும் மச்சானும் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“உள்ள வாங்கண்ணே.”

“இருக்கட்டும் தம்பி. முள்ளு நிக்க மாட்டேங்குது.”

“எந்த முள்ளு?”

“நடு மீட்டர். நடுங்குது. பெரிய வால்வுகிட்ட கசியுது. கம்பெனிப் பெரியவர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். இந்த வார லோடு போகட்டும், நிறுத்திப் பாத்துக்கலாம்ங்கிறார்.”

“அவருக்கென்ன, மூக்கடைச்சுக்கிட்டு ஊருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கார்,” என்றார் கொக்கிக்காரர்.

“காத்து வேற இல்ல. கேஸ் வந்தா நேரா இங்கதான் இறங்கும். நாங்க ரெண்டு நாளாத் தூங்கல.”

அவர் போனதும் தம்பி டீயைக் கீழே வைத்தான்.

“ஏன் மாமா, அந்தம்மாவை நான் பாத்ததே இல்லையே. வந்து மூணு வாரம் ஆச்சு.”

கொக்கிக்காரர் ரொட்டியைப் பிய்த்தார். “அவங்க வெளிய வர மாட்டாங்க மாப்ள.”

“உடம்புக்கு என்ன? நடப்பாங்களா?”

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

“கேக்குறேன்ல. படுத்த படுக்கைன்னா தூக்கிட்டு வரணும். அதுக்கு வேற மாதிரி போகணும்.”

“நீ ஆறுறதுக்குள்ள குடி,” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். பின்னால் இந்த இடத்தை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். வாயைத் திறந்திருந்தால் நாலு வார்த்தை. அடுப்பில் பால் பொங்கியது, அதை இறக்கினாள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணி. கொக்கிக்காரர் வேலைக்குப் போயிருந்தார். தம்பி நிலையத்தில் இருந்தான். மீட்டருக்கு மதியம்தான் வேலை. அவள் இரண்டு தட்டில் ரொட்டியும் இரண்டு டம்ளரில் டீயும் கொடுத்துவிட்டு வந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஓடுகிற சத்தம் ஒரு மாதிரி இழுத்தது. பழகிப்போன சத்தம் என்பதால் மாறியதுதான் காதில் விழுந்தது. அடுத்த நொடி ஏழாம் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

“எல்லாரும் வெளிய. துணிய நனைச்சு மூக்குல கட்டுங்க. மைதானத்துக்குப் போங்க.”

மீட்டர் கத்தவில்லை. கதவு கதவாகத் தட்டிக்கொண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டு போனார். பத்தாம் வீட்டுக் கிழவரை முதுகில் போட்டுக்கொண்டார். சுவரின் மேல்விளிம்பில் வெள்ளையாக ஏதோ பொங்கி, பால் வழிவதுபோல் மெதுவாக இந்தப் பக்கம் வழிந்தது. மூக்குக்குள் ஊசி இறங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். கொடியில் கிடந்த துணிகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் மறைந்தன.

மைதானம் முந்நூறு அடி தள்ளி மேட்டில் இருந்தது. சற்று நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்து, ஆட்கள் கம்பெனிப் பக்கம் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் முன்வாசல் வழியாக வந்து சேர்ந்தார்கள். கொக்கிக்காரர் கண் சிவந்து, ஒரு காலில் செருப்பில்லாமல் வந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வீட்டு ஆட்களும் வந்தாயிற்று. கீழே பார்த்தால் கூரைகள் மட்டும் மிதப்பதுபோல் தெரிந்தன.

“என் தம்பி எங்க?” என்று அவள் கேட்டாள்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற தீயணைப்பு அதிகாரி கையில் வாக்கி டாக்கி வைத்திருந்தார். “லைனுக்குள்ள போயிருக்கான். ஏழாம் வீட்ல ரெண்டு பேராம், ஒருத்தர்தான் வந்திருக்கார்னு மேல நின்னு எண்ணிட்டு, மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு ஓடிட்டான். படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவாம். ஜோடியாப் போகணும், தனியாப் போயிட்டான்.”

அவள் கொக்கிக்காரரின் சட்டையை விட்டுவிட்டு வண்டிப் பக்கம் போனாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து வருகிற குரல், கிணற்றுக்குள் பேசுவதுபோல்.

“சார், உள்ள இருக்கேன். ஒண்ணும் தெரியல. கையால தடவிப் பாக்குறேன்.”

“சீக்கிரம்.”

“கட்டில்ல இல்ல சார். இங்கதான் இருக்காங்க. டம்ளர் ரெண்டு இருக்கு, இன்னும் வெதுவெதுன்னு இருக்கு.”

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தட்டு ரெண்டு, ஈரமா. இப்பத்தான் கழுவியிருக்காங்க. நாற்காலி ரெண்டும் எதிரெதிரா போட்டிருக்கு. எங்கயோ விழுந்து கிடக்காங்க சார். பாத்துடுறேன்.”

“காத்து எவ்வளவு இருக்கு?”

“மணி அடிக்க ஆரம்பிச்சிருச்சு சார்.” குரலுக்குப் பின்னால் ஒரு சின்ன மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சிலிண்டர் தீரப்போகிறது என்று சொல்கிற மணி.

அதிகாரி திரும்பினார். “இந்த லைன்காரங்க யாரு? அந்தம்மா வீட்ல எந்தப் பக்கம் இருப்பாங்க? பின்னாடி அறை இருக்கா? சொல்லுங்க. இன்னும் ரெண்டு பேரை அனுப்பணுமா, இவனைக் கூப்பிடணுமா?”

நாற்பது பேர் நின்றார்கள். பத்தாம் வீட்டுக்காரன் தரையைப் பார்த்தான். ஐந்தாம் வீட்டுக்காரி குழந்தையின் தலையைத் துவட்டினாள். கொக்கிக்காரர் செருப்பில்லாத காலை மண்ணில் தேய்த்தார். அவள் மீட்டரைப் பார்த்தாள். கிழவரை இறக்கிவிட்ட இடத்திலேயே, நனைந்த துண்டு கழுத்தில் தொங்க, அவர் நின்றுகொண்டிருந்தார். சொந்தத் தம்பி அங்கே செத்துக்கொண்டிருக்கிறான். ஒன்பது வருஷம் கட்டிக் காத்த ஒன்றை அந்த மனிதர் முகத்துக்கு நேரே எப்படி உடைப்பது என்று அந்த நேரத்திலும் தயங்கியதற்காக அவள் கடைசிவரை தன்னை மன்னிக்கவில்லை.

“அண்ணே,” என்றாள்.

மீட்டர் அதிகாரியின் பக்கத்தில் வந்தார்.

“அங்க யாரும் இல்ல சார்.”

“யாரு நீங்க?”

“ஏழாம் வீடு. நான் ஒருத்தன்தான். எப்பவும் ஒருத்தன்தான்.”

“கதவுல ரெண்டுன்னு எழுதியிருக்காமே.”

“நாங்கன்னு சொல்லிப் பழக்கம்,” என்றார் மீட்டர். “அதைக் கேட்டு எழுதிட்டாங்க. தப்பு என்னுதுதான்.”

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு வாக்கி டாக்கியை அழுத்தினார். “யாரும் இல்ல. வெளிய வா. கேக்குதா? வீட்ல யாரும் இல்ல.”

“இருக்காங்க சார்,” என்றது குரல். “அக்காவே சொல்லியிருக்கா.” பிறகு இருமல். மணி நின்றது. அதற்குப் பிறகு கரகரப்பு மட்டும்தான்.

மாஸ்க் போட்ட மற்ற ஆட்கள் கம்பெனிக்குள் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மீட்டர் துண்டை வண்டிக் குழாய்த் தண்ணீரில் முக்கி மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். அதிகாரி பிடிக்கப் போனார். ஈரச் சட்டை கைநழுவியது. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. இயந்திர அறைக்குப் போகிற அதே வேகத்தில் போய் அவர் வெள்ளைக்குள் மறைந்தார்.

கூரைமேல் துணி அசையவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு லைனின் கோடியில், அவர்கள் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து, இரண்டு உருவங்கள் வந்தன. ஒன்று முன்னால் கையை நீட்டித் தடவிக்கொண்டு. மற்றது அதன் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல் தடுக்கித் தடுக்கி.

தம்பிக்கு ஆஸ்பத்திரியில் எட்டு நாள். மீட்டருக்குக் கையிலும் கழுத்திலும் தோல் வெந்திருந்தது. நாலாம் நாள் அனுப்பிவிட்டார்கள். தம்பிக்குத் தொண்டையும் கண்ணும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பியபோதும் கண்ணில் கட்டு இருந்தது.

லைன் மாறியிருந்தது. மீட்டர் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. எதைக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. “சாப்பிட்டீங்களா அண்ணே,” என்றான் பத்தாம் வீட்டுக்காரன். “சாப்பிட்டேன்,” என்றார் மீட்டர். அந்தச் சின்ன வார்த்தையைக் கேட்டு அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவில் அந்த 2 இருந்தது. மழையில் கரைந்து, பாதி தெரிந்தது. யாரும் தொடவில்லை. அவள் அன்று ஒரு தட்டு எடுத்தாள். மறுபடி இரண்டாக எடுத்தாள். மறுபடி ஒன்றை வைத்தாள். கடைசியில் தட்டே கொண்டுபோகவில்லை. ஏழாம் வீட்டுக்குப் போய், “தம்பி உங்களைப் பாக்கணும்ங்கிறான், வாங்க,” என்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

மீட்டர் உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். தம்பி சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அன்று மைதானத்தில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பேசக் கூடாது என்றிருந்தார்கள். அதுவும் அவளுக்கு ஒரு சாக்காகப் போயிற்று.

“அண்ணே,” என்றான். குரல் அரைத்துக்கொண்டு வந்தது. “அம்மா எப்படி இருக்காங்க?”

கொக்கிக்காரர் கதவுப் பக்கம் பார்த்தார்.

“அவங்களுக்கு நன்றி சொல்லணும்னே. என்னை வெளிய கொண்டுவந்தது அவங்கதான். மாஸ்க்கைக் கழட்டிட்டேன், ஒண்ணும் தெரியல. ஒரு கை வந்து என் கையப் பிடிச்சுது. நான் தேடிக்கிட்டே இருக்கேன், அவங்க என்னைத் தேடி வந்திருக்காங்க.”

மீட்டர் தலையை ஆட்டத் தொடங்கினார். வழக்கமாக ஆட்டுவதுபோல். அவள் அதைப் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்தம்மா திரும்பி வந்துவிடுவாள். இரண்டு தட்டு போகும். எல்லோருக்கும் சுலபம்.

“டேய்,” என்றாள். “அந்த வீட்ல அம்மான்னு யாரும் இல்லடா. அண்ணன் மட்டும்தான். எங்களுக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லல. உன்னை உள்ள அனுப்பினது நான்தான்.”

வெளியே தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

மீட்டர் இருமினார். “ரெண்டு தட்டு வந்துச்சு,” என்றார். “திருப்பி அனுப்ப மனசு வரல. ரெண்டையும் நானே சாப்பிட்டேன் தங்கச்சி. ஒன்பது வருஷம்.”

கொக்கிக்காரருக்கு மூச்சு வாங்குவதுபோல் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “அதான் இந்த உடம்பா,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மீட்டர் தன் வயிற்றை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவை. அவள் விரல்கள் கொக்கிக்காரரின் சட்டையைத் தேடின. எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

“அப்போ என்கிட்ட பேசினது?” என்று தம்பி கேட்டான்.

“நான்தான்.”

“இல்லண்ணே. ‘நாம போயிடலாம் வா’ன்னு சொன்னாங்க. நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க நாங்கன்னுதானே சொல்லுவீங்க.”

மீட்டர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க ரெண்டு பேர் இருந்தோமே தம்பி,” என்றார்.